கத்திரியாரும் பதினேழாம் டோக்கனும்

ஒரு மேசையின் காலுக்கு அடியில் நாலாக மடித்த அட்டை ஒன்று செருகியிருக்கிறது. அதைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றும்? மேசை ஆடும் போலிருக்கிறது, யாரோ முட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் இந்தப் பூமியில் நம்மைப் போலவே சட்டை போட்டுக்கொண்டு, நம்மைப் போலவே மாடிப்படி ஏறி இறங்கி, நம் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கும் இன்னொரு இனம் உண்டு. அந்த இனத்தாருக்கு அந்த அட்டை முட்டாகத் தெரியாது. குப்பையாகத் தெரியும். குனிவார்கள், உருவுவார்கள், "இது எதுக்கு இங்க?" என்று பொதுவாக ஒரு கேள்வியைக் காற்றில் விடுவார்கள், பதில் வருவதற்குள் அட்டையைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். மேசை ஆடும்போது அவர்கள் அந்த அறையில் இருப்பதில்லை. அடுத்த அறையில் இன்னொரு மேசையடியில் குனிந்திருப்பார்கள்.

இவர்களை எளிமையாக்குவோர் என்று அழைக்கலாம். பெயர் நீளமாக இருக்கிறது என்று அவர்களே அதையும் வெட்டிவிடுவார்கள்.

இவர்கள் இல்லாத இடம் கிடையாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் கூட்டத்தில் எழுந்து, "படிக்கட்டுக்கு எதுக்கு ரெண்டு பக்கமும் கைப்பிடி?" என்று கேட்பவர் இவர்தான். அச்சுக்குப் போகவிருந்த அழைப்பிதழை வாங்கிப் பார்த்து, அடைசலாக இருக்கிறதென்று விழா நடக்கும் இடத்தின் விலாசத்தை அடித்தவரும் இவர்தான். சமையலறைக்குள் புகுந்து, மூடியில்லாத டப்பா ஒன்றையும் டப்பாவில்லாத மூடி ஒன்றையும் தனித்தனியாகக் கண்டெடுத்துத் தனித்தனியாகத் தூக்கிப் போட்டவர் வேறு யார்? அவை இரண்டும் ஒரே ஜோடி என்பது குப்பை வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் தெரியவரும்.

நம் கதைக்கு அகப்பட்ட ஆசாமி ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் மூத்த புரோகிராமர். அலுவலகத்தில் அவருக்குக் கத்திரியார் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும், தெரிந்ததில் உள்ளூர ஒரு பூரிப்பும் உண்டு. திங்கட்கிழமைக் கூட்டத்தில் மற்றவர்கள் போன வாரம் என்ன எழுதினோம் என்று சொல்வார்கள். கத்திரியார் என்ன அழித்தேன் என்று சொல்வார். "முந்நூறு வரி போச்சு" என்று அவர் அறிவிக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். உடம்பு இளைத்துப் பழைய கால்சட்டை மறுபடி இடுப்பில் ஏறியவனின் முகம் அது.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் கெட்டிக்காரர். பல பேர் பல வருஷம் எழுதிக் குவித்த புரோகிராம்களில் குப்பை இல்லாமல் இருக்குமா? பிப்ரவரிக்கு முப்பது நாள் உண்டா என்று தினமும் தன்னைத்தானே கேட்டு, இல்லையென்று தெரிந்து சமாதானம் அடைந்த ஒரு பகுதியை அவர்தான் கண்டுபிடித்து அழித்தார். எங்கேயும் ஒரு துரும்பு அசையவில்லை. அந்த மாதிரி வெற்றிகள்தான் அவரைக் கெடுத்தன. நாலு முறை நல்ல குப்பையை எடுத்தவனுக்கு ஐந்தாம் முறை பார்ப்பதெல்லாம் குப்பையாகத் தெரியும்.

அவருடைய தத்துவம் ஒரே வரிதான். "எடுத்துப் பார்ப்போம். தேவைன்னா யாராவது கத்துவாங்க." யாரும் கத்தவில்லையென்றால் தேவையில்லை என்று அர்த்தம். எவ்வளவு சுலபமான பரீட்சை, பாருங்கள். புத்தி வேண்டாம், விசாரணை வேண்டாம், காது இருந்தால் போதும்.

இந்தத் தத்துவம் வீட்டிலும் அமலில் இருந்தது. அவருடைய மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். பள்ளி விட்டு வந்து, முகம் கழுவிக்கொண்டு, சாயங்காலம் ஒரு போன் போடுவது அந்த அம்மாளின் வழக்கம். "எங்க இருக்கீங்க?" என்பார். இவர், "ஆபீஸ்ல" என்பார். "சரி" என்று வைத்துவிடுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நடந்து வந்த இந்தச் சம்பாஷணையை ஒரு நாள் கத்திரியார் ஆராய்ந்தார்.

"வர்றதா இருந்தா வரப்போறேன். வரலைன்னா நானே சொல்லப்போறேன். நடுவுல இந்தக் கேள்வி எதுக்கு?" என்றார்.

அந்த அம்மாள், "எதுக்குன்னு தெரியலை. நிறுத்திடறேன்" என்றார்.

நிறுத்திவிட்டார். அதற்குப் பிறகு கத்திரியார் வேலை மும்முரத்தில் சாப்பாட்டு நேரம் தாண்டி வந்த நாட்கள் உண்டு. வரவில்லையென்றால் சொல்வேன் என்றாரே, சொன்னாரா? அது வேறு விஷயம். மேசைமேல் தட்டு மூடியிருக்கும், உள்ளே சாதம் விறைத்திருக்கும், அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருப்பார். ஆனால் கத்தவில்லை. ஆகவே அந்த போன் தேவையில்லாததுதான் என்று கத்திரியார் தம் வெற்றிகளின் வரிசையில் இதையும் சேர்த்துக்கொண்டார்.

இதற்கிடையில் அந்த அம்மாளுக்குக் காதில் ஒரு தொந்தரவு வந்தது. வலது காதுக்குள் ஓயாமல் ஙொய் என்று ஒரு ரீங்காரம். யாரோ ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சே விடாமல் நிற்பது போல. வேறு உத்தியோகம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். பாட்டு டீச்சருக்குக் காது போனால் என்ன இருக்கிறது? வகுப்பில் முப்பது குழந்தைகள் பாடும்போது எந்தக் குழந்தை சுருதி விலகுகிறது என்று தெரியாமல், எல்லாரையும் பொதுவாகப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அழுதார். கண்டுகொள்ளாமல் விட்டால் தானாகப் போய்விடும் என்று கத்திரியார் யோசனை சொன்னார். போகவில்லை. கடைசியில் வெளியூரிலிருந்து மாதம் ஒரு காலை மட்டும் வந்து போகும் பெரிய காது டாக்டர் ஒருவரிடம், அலையாய் அலைந்து ஒரு நாள் வாங்கினார்கள். பன்னிரண்டு மணிக்கு அவர் ரயிலுக்குக் கிளம்பிவிடுவார். விட்டால் அடுத்த மாதம் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும்.

டாக்டர் இருக்கட்டும். அதற்கு முன்னால் கத்திரியார் கைவைத்த புரோகிராமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டர் என்றாலே கொட்டாவி வரும் வாசகர்கள் இரண்டு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள். தாண்டிப் போய்விடாதீர்கள்.

ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் காத்திருக்கும் கூடத்தில் சிவப்பு எழுத்தில் டோக்கன் நம்பர் காட்டும் போர்டு ஒன்று தொங்குமே, அதைச் செய்து கொடுப்பது இவர்கள் கம்பெனிதான். உள்ளே டாக்டர் பொத்தானை அழுத்தினால் வெளியே நம்பர் மாற வேண்டும். நடுவில் கம்பெனியின் சர்வரில் முகமும் குரலும் இல்லாத ஒரு புரோகிராம் ராப்பகலாக விழித்திருந்து இந்தச் சேதியைக் கடத்துகிறது. காலையில் ஊரிலுள்ள போர்டுகளெல்லாம் விழித்துக்கொண்டு அதனிடம் வரும். வந்த ஒவ்வொன்றுக்கும் அது ஒரு இணைப்பை ஒதுக்கும். அதற்கு சாக்கெட் என்று பெயர். ஓட்டலில் வந்தவருக்கு ஒரு நாற்காலி போடுவது போலத்தான். பிறகு அந்தப் புரோகிராம், ஓட்டலில் பரிமாறுகிறவர் மாதிரி மேசை மேசையாகச் சுற்றும். புதிதாக யாராவது வந்தார்களா? யாருக்காவது ஏதாவது வேண்டுமா? யாராவது எழுந்து போனார்களா? சுற்றி முடித்ததும் மறுபடி முதல் மேசை. இந்த ஓயாத சுற்றுக்கு லூப் என்று பெயர். நாற்காலிகளுக்கு ஓர் அளவு உண்டு. ஆகவே எழுந்து போனவருடைய தட்டை எடுத்து, மேசையைத் துடைத்து, நாற்காலியைக் காலி செய்வது முக்கியமான வேலை.

அந்தத் துடைக்கும் வேலை புரோகிராமில் மூன்று இடத்தில் எழுதியிருந்தது. போர்டு 'நான் போகிறேன்' என்று சொன்னால் துடைப்பது ஒன்று. இணைப்பு அறுந்ததாகத் தகவல் வந்தால் துடைப்பது இன்னொன்று. இவை இரண்டும் ஒன்றையே இரண்டு தரம் செய்து ஒன்றின் காலை ஒன்று மிதித்துக்கொண்டிருந்தன. மூன்றாவதுதான் விசித்திரமானது. யாரும் கேட்காமலேயே அது கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு போர்டிடமும் போய், 'இருக்கியா?' என்று கேட்கும். 'இருக்கேன்' என்று பதில் வந்தால் பேசாமல் போய்விடும். பதில் வராவிட்டால் சற்றுப் பொறுத்துப் பார்த்து, நாற்காலியைக் காலி செய்துவிடும். இதை எழுதிய தாடிக்காரர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். போகும்போது அந்தப் பகுதியின் தலையில் ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைத்திருந்தார்: 'அசிங்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.'

ஏன் இருக்கட்டும்? சொல்லவில்லை. உலகத்திலுள்ள சொற்களிலெல்லாம் கத்திரியாருக்கு அடியோடு பிடிக்காத சொல் 'இருக்கட்டும்'.

மூன்றையும் ஒன்றாக்கினார். லூப்பின் கடைசியில் அழகாக ஒரே ஒரு துடைப்பு. முதல் இரண்டில் ஒன்று உண்மையிலேயே குப்பை என்பதையும் நாம் மறைக்கக்கூடாது. மூன்றாவதும் அந்த இரண்டின் தம்பி என்று அவர் நினைத்துக்கொண்டார். போகிற போக்கில், நாற்காலி நிரம்புகிறது என்று அவ்வப்போது எச்சரிக்கை எழுதிக்கொண்டிருந்த ஒரு வரியும் கண்ணில் பட்டது. சொன்னதையே சொல்லிக்கொண்டிருக்கிறது என்று அதையும் வழித்துப் போட்டார்.

இந்த இடத்தில் இன்னொருவரை அறிமுகம் செய்ய வேண்டும். கத்திரியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புரோகிராம்களைச் சோதித்துப் பார்க்கும் அம்மாளுக்கு அலுவலகத்தில் 'ஆனா அக்கா' என்று பெயர். எந்த வாக்கியத்தையும் 'ஆனா' என்றே ஆரம்பிப்பவர். கத்திரியார் தம் மேசைமேல் ஒரு போர்டை வைத்து, அதை எழுப்பி, நம்பர் மாற்றி, கடைசியில் அணைக்கும் பொத்தானைப் பதவிசாக அழுத்தி அணைத்துக் காட்டினார். போர்டு போகிறேன் என்றது. புரோகிராம் நாற்காலியைத் துடைத்தது. இம்மி பிசகவில்லை.

"ஆனா, சொல்லாம போனா?" என்றார் ஆனா அக்கா.

"சொல்லாம எப்படிப் போகும்? போர்டு என்ன, மனுஷனா?"

"ஆனா, திடீர்னு கரண்ட் போனா?"

"கரண்ட் போனா போர்டே போயிடுச்சு. போனதைப் பத்தி நமக்கென்ன கவலை?"

ஆனா அக்காவுக்கு இது எங்கேயோ இடித்தது. எங்கே என்று விரலை வைத்துச் சொல்ல வரவில்லை. இதற்குள் மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார். பத்துப் பக்கம் ஓடிய புரோகிராம் ஒரே திரைக்குள் அடங்கியிருப்பதைக் கண்டு சொக்கிப் போனார். அன்றைக்கே ஊரெங்கும் புதியது ஓட ஆரம்பித்தது.

பிறகு வந்த ஒவ்வொரு திங்கட்கிழமையும் கத்திரியார் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்து, "யாரும் கத்தலையே?" என்று கேட்டார். யாரும் கத்தவில்லை. கத்தவேண்டிய வரியைத்தான் அவர் வழித்துப் போட்டுவிட்டாரே.

நிஜத்தில் நடந்தது என்னவென்றால், ஊரில் எந்தக் காவலாளியும் போர்டின் பொத்தானைப் பதவிசாக அழுத்துவதில்லை. கதவைப் பூட்டும் அவசரத்தில் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குகிறார். பிளக்கைப் பிடுங்கியபின் போய் வருகிறேன் என்று சொல்ல போர்டுக்கு ஏது மூச்சு? காலையில் அதே போர்டு வந்து புது நாற்காலி கேட்கும். நேற்றைய நாற்காலியிலும் அதே போர்டு உட்கார்ந்திருப்பதாகக் கணக்கு. அந்தக் காலி நாற்காலிக்கும் புரோகிராம் சிரத்தையாக உபசாரம் செய்துகொண்டிருந்தது. இப்படி நாளுக்கு நாள் ஆவிகள் பெருகின.

டாக்டர் நாள் வந்தது. கத்திரியாரும் மனைவியும் நேரத்தோடு போய்விட்டார்கள். டோக்கன் இருபத்தொன்று. கூடம் நிறைய ஜனம். சுவரில் சிவப்பாக நம்பர் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கத்திரியாருக்குத் தன் பிள்ளை மேடையில் நிற்பதைப் பார்ப்பது போல நெஞ்சு விரிந்தது. விரிந்த நெஞ்சு சும்மா இருக்குமா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், அந்த போர்டை ஆட்டிவைக்கும் புரோகிராமைச் சுருக்கியது தாம்தான் என்று சொன்னார். பெரியவர் காதில் கையைக் குவித்து, "என்ன?" என்றார். வந்திருப்பது காது டாக்டரிடம் என்பதை மறந்தால் இப்படித்தான். கத்திரியார் உரக்கச் சொன்னார். மறுபடி "என்ன?" என்றார். மூன்றாம் முறை சொன்னபோது பெரியவருக்குக் கேட்டது, கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது, மருந்து கொடுக்கும் ஜன்னல்வரை கேட்டது. பலர் திரும்பி மரியாதையாகப் பார்த்தார்கள். அவருடைய மனைவி மட்டும் கைப்பைக்குள் எதையோ தேடினார்.

பதினைந்து. பதினாறு. பதினேழு.

பதினேழில் நின்றது. பதினேழாம் நம்பர்க்காரர் உள்ளே போனார். பிறகு யாரும் உள்ளே போகவில்லை. பதினெட்டாம் நம்பர் ஒரு ஹெல்மெட்காரர். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு போர்டையே கண் கொட்டாமல் பார்த்தார். பதினேழாம் நம்பர்க்காரர் வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டதைப் பலர் கண்ணால் பார்த்தார்கள். பார்த்துவிட்டு என்ன செய்தார்கள்? மறுபடி போர்டைப் பார்த்தார்கள். போர்டு பதினேழு என்றது. ஏதோ பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள், திரும்பி வருவார் என்று கத்திரியார் பெரியவருக்கு உரக்க விளக்கம் சொன்னார். எழுதியவரே சொன்ன பிறகு அப்பீல் உண்டா?

"ஏங்க, நான் போய்க் கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்டுட்டு வரட்டுமா?" என்றார் மனைவி.

"கேக்கறதுக்கே அவசியம் இல்லாம பண்ணத்தானே போர்டு வெச்சிருக்கு. உக்காரு."

உட்கார்ந்தார். கடிகாரம் பதினொன்றைத் தாண்டியது, பதினொன்றரையைத் தாண்டியது. அந்த அம்மாள் வலது காதை உள்ளங்கையால் பொத்தி எடுத்து, பொத்தி எடுத்து, கதவையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் என்று ஒன்று இருக்கிறதே என்ற பயம் அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

கத்திரியாரின் பையில் போன் அதிர்ந்தது. ஆனா அக்காவிடமிருந்து சேதி. 'ஆனா, ஊர்ல இருக்கற எல்லா போர்டும் ஒரு மணி நேரமா நின்னு போச்சு. உள்ள இருக்கற நாற்காலி பூரா ஆவிங்க. இடம் இல்லைன்னு தெரியாம வாசல்ல புதுசா ஒரு போர்டு தட்டிக்கிட்டே இருக்கு. உங்க லூப் வேற யாரையும் கவனிக்காம வாசலுக்கே ஓடிக்கிட்டு இருக்கு. சொல்லாம போனா என்னன்னு ஒருத்தி கேட்டாளே, ஞாபகம் இருக்கா?'

கத்திரியார் நிமிர்ந்து போர்டைப் பார்த்தார். பதினேழு. கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்குக் கொஞ்சம்தான் பாக்கி. கூடத்தைப் பார்த்தார். அத்தனை கண்ணும் போர்டின் மேல்.

வாசகரே, இப்போது அவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள். தேவையென்றால் யாராவது கத்துவார்கள் என்று ஆயுள் முழுக்கச் சொன்னவர். இன்றைக்குத் தேவை வந்துவிட்டது. கத்த வேண்டிய அந்த யாராவது அந்தக் கூடத்தில் ஒரே ஒருவர்தான். அவருக்கோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுந்து, "போர்டு செத்துப்போச்சு, நம்பாதீங்க" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் காலையில்தானே மூன்று முறை கத்தி, அது தம்முடையது என்று பட்டயம் எழுதிக் கொடுத்திருந்தார்? பாதி எழுந்தார். உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பக்கத்திலிருக்கும் மனைவியின் காதை நினைத்தார். அப்போதும் வாய் திறக்கவில்லை.

"என்ன?" என்றார் மனைவி.

"ஒண்ணுமில்லை."

இந்த 'ஒண்ணுமில்லை'யை அந்த அம்மாள் பல வருஷமாக அறிவார். கத்திரியார் கையிலிருந்த போனை மெல்லத் திருப்பிப் படித்தார். ஒரு தடவை கணவர் முகத்தைப் பார்த்தார். எழுந்தார். கத்தவில்லை. கூடத்தைக் கடந்து நேராகப் போய், டாக்டர் அறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டினார்.

"டாக்டர், இருக்கீங்களா?"

உள்ளிருந்து குரல் வந்தது. "இருக்கேன். வெளிய யாராவது இருக்கீங்களா?"

கதவு திறந்தது. டாக்டர் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தார். பாவம், அவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். பதினெட்டு வரவில்லை, பத்தொன்பது வரவில்லை, நாற்பதுவரை அழுத்திப் பார்த்தும் ஒரு காது கூட உள்ளே வரவில்லை. இந்த ஊரில் காதுகளெல்லாம் தாமாகவே சரியாகிவிட்டன போலிருக்கிறது என்று நினைத்துவிட்டாராம். வாசலில் நாற்பது பேரைக் கண்டதும் அவருக்கு ரயில் மறந்துபோயிற்று. அடுத்த ரயிலுக்குப் போய்க்கொள்கிறேன் என்று பெட்டியைக் கீழே வைத்தார்.

போர்டுதான் செத்துவிட்டதே, நம்பரை யார் கூப்பிடுவது? பாட்டு டீச்சர் கதவருகிலேயே நின்றுகொண்டார். பள்ளி மைதானம் முழுக்கக் கேட்கும் அந்தக் குரலில், "பதினெட்டு" என்றார். ஹெல்மெட்காரர் ஓடினார். தமக்கு முன்னால் இருந்த மூவரையும் அனுப்பிவிட்டு, தம் முறை வந்தபோது ஹெல்மெட்காரரைக் கதவருகில் நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

ஜனங்கள் போர்டைத் திட்ட ஆரம்பித்தார்கள். எந்த மடையன் செய்தது என்று ஒரு குரல் கேட்டது. பெரியவர் திரும்பி, காது மந்தமானவர்களுக்கே உரிய பெரிய குரலில், "தம்பி, நீங்கதானே இதைச் சுருக்கினது?" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

கூடம் முழுக்கத் திரும்பியது. கத்திரியார், "ஆமாங்க" என்றார். தம் வாழ்நாளிலேயே இவ்வளவு சுருக்கமாக அவர் எதையும் சொன்னதில்லை.

மனைவியின் காதில் என்ன கோளாறு என்று கேட்கிறீர்களா? அழுக்கு இறுகிக் கல்லாகச் செவிப்பறையை ஒட்டியிருந்ததாம். டாக்டர் அதை எடுத்தார். ரீங்காரம் நின்றது. கத்திரியாரும் எடுப்பவர், டாக்டரும் எடுப்பவர். டாக்டர் விளக்கைப் போட்டு உள்ளே பார்த்துவிட்டு எடுத்தார், அவ்வளவுதான் வித்தியாசம். வெளியே வந்ததும் அந்த அம்மாள் தூரத்தில் ஏதோ ஒரு வண்டியின் மணிச்சத்தத்தைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கியது. கத்திரியாருக்கும் கலங்கியது, ஆனால் அவர் தூசி என்று சொன்னார்.

அன்றைக்கு மத்தியானமே அலுவலகத்துக்குப் போய் மூன்றாவது துடைப்பைத் திரும்பக் கொண்டுவந்தார். கை சும்மா இருக்காதே, தாடிக்காரர் எழுதியதைவிடக் கொஞ்சம் குறைவான வரிகளில்தான் எழுதினார். ஆனால் இந்தத் தடவை ஆனா அக்கா போர்டின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பார்த்தார். 'இருக்கியா?' என்று புரோகிராம் கேட்டது. பதிலில்லை. சற்றுப் பொறுத்து நாற்காலி காலியாயிற்று. அதன் தலையில் இருந்த பழைய குறிப்பையும் கத்திரியார் திரும்ப வைத்தார். கீழே ஒரு வரி சேர்த்தார்: 'சொல்லாமல் போகிறவர்கள் உண்டு.' கத்திரியார் ஒரு வரியைக் கூட்டியது அலுவலகத்தில் வெகு நாள் பேச்சாக இருந்தது.

ராத்திரி சாப்பிடும்போது ஆரம்பித்தார். "சாயங்காலம் ஒரு போன் பண்ணுவியே. அதை மறுபடி பண்ணலாமே."

"எதுக்கு?" என்றார் மனைவி.

கத்திரியார் தட்டைப் பார்த்தார்.

"தேவைன்னா யாராவது கத்துவாங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் குழம்பை ஊற்றினார்.

மறுநாள் சாயங்காலம் போன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. கத்திரியார் போனை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டு, சத்தம் அணைத்திருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தார். மூன்றாம் நாள் பள்ளி விடும்வரைகூடப் பொறுக்காமல் அவரே கூப்பிட்டார். எதிர்முனையில் பின்னணியில் குழந்தைகள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"இருக்கியா?" என்றார்.

"இருக்கேன். மூணாவது வரிசையில ஒரு பிள்ளை சுருதி விலகுது, வெச்சிடறேன்" என்று பதில் வந்தது. வாழ்க்கையில் இத்தனை உபயோகமில்லாத ஒரு பேச்சு அவருக்கு இவ்வளவு நிம்மதியைத் தந்ததில்லை.

கத்திரியார் ஓரளவு திருந்திவிட்டார். எனக்கு உங்களைப் பற்றித்தான் கவலை. நடுவில் சாக்கெட், லூப் என்று இரண்டு பத்தி வந்ததே, தாண்டிப் போகாதீர்கள் என்று வேண்டிக்கேட்டுக்கொண்டேனே, 'இது எதுக்கு?' என்று ஒரே எட்டில் தாண்டி வந்தீர்களா, இல்லையா? என்னிடம் சொல்ல வேண்டாம். போய் முதலில் உங்கள் வீட்டு மேசையைக் கையால் அழுத்திப் பாருங்கள்.